வாழைப்பழமும் பாலியின் கடிதமும்

போடிநாயக்கனூரை அடுத்த பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய மந்திரிசபை சம்மதித்ததையும், அவ்வாண்டிலேயே உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்குத் தடை விதித்ததையும் இவ்வாரம் சொல்வதாக வாக்களித்திருந்தேன். ஆனால் சின்னமனூரில் வாங்கிவந்து மேஜைமேல் வைத்த செவ்வாழைச் சீப்பு என்னை வேறு திசைக்கு இழுத்துவிட்டது.

பழத்திலுள்ள பொட்டாசியத்தில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு, பொட்டாசியம்-40 என்னும் ஐசோடோப். ஒரு பழத்துக்குள் விநாடிக்குச் சுமார் 15 அணுக்கள் சிதைகின்றன. அவற்றில் பெரும்பாலானவை எலெக்ட்ரானை உமிழ்ந்து கால்சியமாகின்றன, பத்தில் ஒன்று தன் எலெக்ட்ரானையே விழுங்கி ஆர்கானாகிறது. அரை ஆயுள் 125 கோடி ஆண்டு. ஆகவே பயமின்றி உண்ணலாம்.

இந்த உமிழ்தலுக்குப் பீட்டா சிதைவு என்று பெயர். ஆல்பா துகள்கள் குறித்த சக்தியோடு வெளிப்பட, பீட்டா எலெக்ட்ரான்களோ ஒன்று மிகுதியும் ஒன்று குறைவுமாய் வருவதை 1914-ல் பெர்லினில் சாட்விக் கண்டார். குறைந்த சக்தி எங்கே போயிற்று? போடி ஏலக்காய் மண்டியில் எடை குறைந்தால் கணக்கப்பிள்ளை திருடனைத் தேடுவாரேயன்றி, நிறுத்தல் என்னும் சாஸ்திரத்தையே சந்தேகிக்கமாட்டார். பௌதிக மகாமேதையான நீல்ஸ் போரோ, சக்தி அழியாதென்னும் விதியையே கைவிடத் துணிந்தார்! அவரிடம் எனக்குள்ள பக்தி இவ்விடத்தில் மட்டும் சற்றுத் தளர்கிறது.

திருடனைத் தேடியவர் வோல்ஃப்காங் பாலி. கதிரியக்க நிபுணர்கள் கூடிய ட்யூபிங்கன் நகரத்துக்கு, ஸூரிக்கில் ஒரு நடன விருந்து இருந்தமையால் தாம் வர இயலாதென்று சொல்லி, 1930 டிசம்பர் 4-ஆம் தேதியிட்ட கடிதமொன்றை மட்டும் அனுப்பினார். மின்னேற்றமற்ற, கண்ணுக்குத் தட்டுப்படாத ஒரு துகள் எலெக்ட்ரானோடு சேர்ந்து வெளியேறி மிச்சச் சக்தியைக் கொண்டுபோகிறது என்பதே அதன் சாரம். அவர் சூட்டிய பெயர் நியூட்ரான். 1932-ல் சாட்விக் வேறொரு கனமான துகளைக் கண்டு அப்பெயரை எடுத்துக்கொண்டதால், ஃபெர்மி இதனை நியூட்ரினோ ஆக்கினார். முப்பது வயதில், கூட்டத்துக்கும் போகாமல், பௌதிகத்தின் மானத்தைக் காத்த மனிதரை நான் எப்படிச் சுருக்கிச் சொல்வது? ரைனஸும் கோவனும் 1956-ல் அணு உலையருகே அத்துகளைப் பிடித்துப் பாலிக்குத் தந்தி கொடுத்தபோது இருபத்தைந்து ஆண்டுகள் கடந்திருந்தன.

1965-ல் கோலார் தங்கச் சுரங்கத்தில், பூமிக்கடியில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, வானிலிருந்து வந்த நியூட்ரினோவின் தடயத்தை நம்மவர் கண்டனர். அச்சுரங்கம் ஓய்ந்தபின் வேறு பாறை தேடிப் புறப்பட்டவர்களை, அடுத்த வாரம் பொட்டிப்புரத்துக்கு அழைத்துவருகிறேன்.