மிளகின் பெயரில் வந்த மிளகாய்

சில வருடங்களுக்கு முன் அமெரிக்காவில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது, காரச் சாஸ் மட்டுமே விற்கும் கடை ஒன்றுக்கு எங்களை அழைத்துப் போனான். வேறு எந்தச் சாமானும் கிடையாது. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன பாட்டில்கள். சிலவற்றில் மண்டை ஓட்டுப் படம், சிலவற்றில் நெருப்பு. நம் ஊரில் பூச்சிமருந்து டப்பாவில்தான் அப்படிப் படம் பார்த்திருக்கிறேன்.

பாட்டில்களில் ஓர் எண் போட்டிருந்தது. அது விலை இல்லை, காரத்தின் அளவு. 1912இல் வில்பர் ஸ்கோவில் என்ற அமெரிக்க மருந்தியலாளர் ஏற்படுத்திய கணக்கு. மிளகாய்ச் சாரத்தைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து ஐந்து பேருக்குச் சுவைக்கக் கொடுப்பார். காரம் தெரியாமல் போகும் வரை தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போவார். எத்தனை மடங்கு நீர்க்க வேண்டியிருந்ததோ அதுதான் அந்த மிளகாயின் எண். இப்போது கருவி வைத்து அளக்கிறார்கள், பெயர் மட்டும் அவருடையதே. 1868இல் லூசியானாவில் தொடங்கிய டபாஸ்கோ சாஸின் எண் சில ஆயிரம்தான். நம் நாட்டு வடகிழக்கின் பூத் ஜோலோகியா மிளகாய் 2007இல் பத்து லட்சத்தைத் தாண்டி கின்னஸில் இடம் பிடித்தது. 2023இல் பெப்பர் எக்ஸ் என்ற ஒட்டுரகம் சுமார் 27 லட்சத்தைத் தொட்டது.

கடைக்காரர் மரக்குச்சியின் நுனியில் ஒரு சொட்டு தொட்டுக் கொடுத்தார். முதல் இரண்டும் நம் ஊர் தக்காளித் தொக்கு போலத்தான் இருந்தன. நாலாவது வேலையைக் காட்டிவிட்டது. காது அடைத்து, மூக்கில் நீர் கொட்டியது. நான் தண்ணீருக்குக் கை நீட்ட, அவர் பால் கொடுத்தார். அது சரியான வைத்தியம்தான். மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் கரையாது. பாலிலும் மோரிலும் உள்ள புரதமும் கொழுப்பும்தான் அதை நாக்கிலிருந்து பிரித்தெடுக்கும். காரக்குழம்புச் சாதத்துக்குப் பிறகு மோர்ச் சாதம் என்று நம் பெரியவர்கள் வரிசை வைத்ததில் அர்த்தம் இருக்கிறது.

காரம் என்பது ஒரு சுவையே அல்ல, சூடு. நம் நரம்பில் சுமார் 43 டிகிரி வெப்பத்தில் விழித்துக்கொள்ளும் ஒரு வாயில் இருக்கிறது. கேப்சைசின் அதே வாயிலைத் திறந்துவிடுவதால், வாய் வெந்துபோனதாக மூளை நினைத்துக்கொள்கிறது. 1997இல் இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. பறவைகளுக்கு இந்த வாயில் மிளகாய்க்குத் திறப்பதில்லை. கிளி மிளகாய்ப்பழத்தைக் கொத்தித் தின்பதை நாம் பார்த்திருக்கிறோமே, காரணம் இதுதான்.

கிளம்பும்போது கடைக்காரர் சொன்னார்: "நீங்கள் இந்தியர்கள். ஆயிரக்கணக்கான வருடமாக இதைச் சாப்பிடுபவர்கள். உங்களுக்கு இது ஒன்றுமே இல்லை."

மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த நான் சொன்னேன்: "ஆயிரக்கணக்கில் இல்லை ஐயா, ஐந்நூறு வருடம்தான். மிளகாய் உங்கள் கண்டத்துச் சரக்கு." அவர் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. நம் ஊரிலும் பலர் நம்புவதில்லை என்பதால் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன்.

மிளகாய் பிறந்தது அமெரிக்கக் கண்டத்தில். மெக்சிகோவில் ஆறாயிரம் வருடங்களுக்கு முன்பே பயிரிட்டிருக்கிறார்கள். 1492இல் கொலம்பஸ் அங்கே போய் இறங்கியதே மிளகு கிடைக்கும் இந்தியாவைத் தேடித்தான். மிளகு கிடைக்கவில்லை, மிளகாய் கிடைத்தது. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தார். 1510இல் கோவா போர்ச்சுகீசியர் கைக்குப் போனது. அந்த நூற்றாண்டில் அவர்கள் கப்பலில்தான் மிளகாய் நம் கரைக்கு வந்தது.

புதிதாக வந்த காய்க்கு நம்மிடம் பெயர் இல்லை. மிளகு போல் உறைக்கும் காய் என்பதால் மிளகாய் ஆயிற்று. தெலுங்கில் மிளகு மிரியாலு, மிளகாய் மிரபகாய. கன்னடத்தில் மிளகு மெணசு, மிளகாய் மெணசினகாயி. எல்லா வீட்டிலும் பழையவர் பெயரைத்தான் புதியவருக்கு வைத்திருக்கிறார்கள். இலங்கைத் தமிழர் பேச்சில் கொச்சிக்காய் என்ற பெயரும் உண்டு. அதில் கொச்சித் துறைமுகமே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அதற்கு முன் நம் காரமெல்லாம் மிளகு, சுக்கு, திப்பிலி, கடுகு. சங்கநூல்களில் கறி என்றாலே மிளகு. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு சொல்கிறது. கி.பி. 408இல் ரோம் நகரை முற்றுகையிட்ட அலாரிக், முற்றுகையை விலக்கக் கேட்டவற்றில் 3000 பவுண்டு மிளகும் ஒன்று. பின்னாளில் மிளகுக்கும் துணிக்கும் வந்த வெள்ளைக்காரர்கள் கடைசியில் நாட்டுக்கே சண்டை போட்டார்கள். நம் வந்தவாசிக் கோட்டையைச் சுற்றி 1760 ஜனவரி 22இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்டதற்கும் மூலம் அந்த வியாபாரம்தான்.

இவ்வளவு பெருமை உள்ள மிளகை நேற்று வந்த மிளகாய் எப்படி ஓரங்கட்டியது? நான் யோசித்தவரை பதில் சுவையில் இல்லை, காசில் இருக்கிறது.

மிளகுக்கொடிக்கு மேற்கு மலையின் மழையும் நிழலும் வேண்டும். நம் தேசூர் பக்கம் ஏரியும் கிணறும் நம்பிய பூமி, இங்கே மிளகு விளையாது. மலையாளத்திலிருந்து தலைச்சுமையாகவும் பொதிமாட்டிலும் வந்து, கைமாறிக் கைமாறி விலை ஏறித்தான் கிடைக்கும். பொன் கொடுத்து வாங்கத் தயாராகக் கப்பல்காரன் நிற்கும்போது, கூலிக்காரன் கூழுக்கு மிளகு எங்கே கிடைக்கும்? மிளகாய் அப்படி இல்லை. நாற்று விட்டு நட்டால் சில மாதங்களில் காய்க்கும். கொல்லையில் நாலு செடி ஒரு குடும்பத்துக்குப் போதும். காயவைத்தால் வருடம் முழுக்க வரும். ராமநாதபுரத்தின் வறண்ட கரம்பையில் மழையை மட்டும் நம்பி விளையும் முண்டு மிளகாய், 2023இல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டது.

தறி நெய்யும் வீடுகளில் சின்ன வயதில் நான் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. விடியலில் தறிக்குழியில் இறங்கியவர்கள் வெயில் ஏறியதும் எழுந்து வந்து கேழ்வரகுக் கூழோ பழைய சோறோ குடிப்பார்கள். தொட்டுக்கொள்ள ஒரு பச்சை மிளகாய், கொஞ்சம் உப்பு. மல்லாட்டைத் துவையல் இருந்தால் அன்றைக்கு விசேஷம். ஊரார் கட்டும் பட்டை நெய்தவர்கள் சாப்பாடு அது. அந்த மல்லாட்டையும் தென்னமெரிக்கச் சரக்குதான், மணிலாக் கொட்டை என்ற பெயர் நம் வாயில் மல்லாட்டை ஆகிவிட்டது. ஒரே கண்டத்திலிருந்து வந்த இரண்டும் நம் அம்மியில் ஒன்றாக அரைபட்டன.

ஒரு மிளகாய் அந்தக் கூழுக்கு ருசி மட்டும் கொடுக்கவில்லை. எடைக்கு எடை பார்த்தால் பச்சை மிளகாயில் ஆரஞ்சுப் பழத்தைவிட வைட்டமின் சி அதிகம். 1937இல் நோபல் பரிசு பெற்ற ஹங்கேரி விஞ்ஞானி சென்ட்-ஜியார்ஜி, வைட்டமின் சி-யை நிறையப் பிரித்தெடுத்ததே அவர் ஊர் மிளகாயிலிருந்துதான். பழம் வாங்க வழியில்லாத வீட்டுக்கு அது பழமாகவும் இருந்திருக்கிறது.

மிளகாய் நுழையாத இடங்களையும் பார்க்க வேண்டும். திவசச் சமையலில் மிளகாய் சேர்க்காத வீடுகள் இன்றும் உண்டு, மிளகுதான். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் மருந்துருண்டையில் சுக்கும் மிளகும் திப்பிலியும் உண்டு, மிளகாய் கிடையாது. காய்ச்சல்காரனுக்கு மிளகு ரசம். கோயிலில் வெண்பொங்கலுக்கு மிளகு. பூரி ஜகந்நாதர் பிரசாதத்தில் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு எதுவும் கிடையாது. பழைய சமையல் எப்படி இருந்தது என்பதற்கு இவையெல்லாம் எழுதாத சாசனங்கள். சாவு, பிறப்பு, நோய், சாமி என்று மாற்றத் தயங்கும் இடங்களில் மிளகு நின்றுவிட்டது. அன்றாட அடுப்பை மிளகாய் எடுத்துக்கொண்டது.

அம்மன் மட்டும் அவ்வளவு கண்டிப்பு காட்டவில்லை. ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் கூழ் வார்க்கும்போது வெங்காயமும் மிளகாயும் கூடவே வரும். குழந்தைக்குக் கண்பட்டால் உப்பையும் மிளகாயையும் சுற்றி அடுப்பில் போடுகிறோம். ஐந்நூறு வருடத்தில் திருஷ்டி கழிக்கும் உரிமையும் வாங்கிவிட்டது என்றால், இனி அதை வெளியூர்க்காரன் என்று எப்படிச் சொல்வது?

இப்போது சிலர், மிளகாய் அந்நியச் சரக்கு, வயிற்றைக் கெடுக்கும், பாட்டன் காலத்து மிளகுக்கே திரும்புங்கள் என்கிறார்கள். வயிற்றுக்கு ஆகாதவர்கள் குறைத்துக்கொள்ளட்டும், எனக்கும் டாக்டர் குறைக்கத்தான் சொல்லியிருக்கிறார். பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் உண்ணலாம் என்ற பழமொழியும் சரிதான். ஆனால் அந்தப் பத்து மிளகு எத்தனை பாட்டன்கள் வீட்டில் இருந்தது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். மிளகின் சரித்திரம் கப்பலோடும் பொன்னோடும் போனது, அதனால் புத்தகத்தில் ஏறிவிட்டது. மிளகாயின் சரித்திரம் கொல்லையோடும் கூழ்ப்பானையோடும் போனது, அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

உங்கள் வீட்டில் மிளகாய் சேர்க்காத சமையல் எந்தெந்த நாளில் இன்னும் நடக்கிறது? மருந்துருண்டையில் என்னென்ன போட்டார்கள்? வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எனக்கு எழுதுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வோம்.