பெண்வழி வந்த தேக்கு மனை

சரித்திரம் என்றவுடன் கற்கோட்டைகளும் கோபுரங்களுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. பள்ளியிலே நாம் கற்ற நூல்களும் மன்னரின் பிறப்பு இறப்பு ஆண்டுகளையே நமக்குப் புகட்டின. கல் நிலைத்து நிற்பதால் அதை எழுப்பிய மன்னனின் கதையும் நிலைக்கின்றது. குடிமக்கள் வாழ்ந்த வீடுகளோ மரத்தாலும் மண்ணாலும் ஆனவை. கறையானுக்கும் தீக்கும் இரையாகி மறைபவை. அவ்வாறு மறையாது எஞ்சிய மரவீடு ஒன்றின் வரலாற்றை இங்கு ஆராய்வோம். தாய்லாந்தின் தலைநகராகிய பாங்கொக்கிலே, சியாம் சங்கத்தின் வளவினுள் நிற்கும் கம்தியங் இல்லமே அது.

இவ்வீடு பாங்கொக்கிலே பிறந்ததன்று. அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ 700 கிலோமீற்றர் தொலைவிலுள்ள சியங் மாய் நகரில், பிங் ஆற்றின் கரையிலே, 1848ஆம் ஆண்டு கட்டப்பட்டது. 1296இல் மங்ராய் மன்னன் நிறுவிய அந்நகரம் லன்னா இராச்சியத்தின் தலைநகராய் விளங்கியது. 1558இல் அது பர்மியர் வசமாயிற்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலே நிகழ்ந்த போர்களினால் நகரம் குடியற்றுக் காடாய்க் கிடந்தது. 1796இல் காவிலா என்னும் அரசன் அதனை மீண்டும் நிலைநாட்டினான். மதில் இருந்தும் மக்கள் இல்லையேல் நகரம் ஏது? ஆகவே, சுற்றுப்புற நாடுகளிலிருந்து குடிகளைக் கொண்டுவந்து குடியேற்றினான். அவ்வாறு புத்துயிர் பெற்ற நகரிலேதான் இவ்வீடு எழுந்தது.

எழுப்பியவர் ஒரு பெண் என்பதை நாம் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். முவாங் சே என்னும் ஊரை ஆண்ட தலைவனின் பூட்டப்பிள்ளையாகிய மே சேட் என்னும் பெருமாட்டியே அவர். 'மே' என்றால் அன்னை என்பது பொருள். வடதாய்லாந்து மக்களின் மரபிலே மணமகன் மனைவியின் வீட்டிற்கே வந்து சேர்வான். குடும்பத்தைக் காக்கும் மூதாதையர் ஆவியின் வழிபாடும் தாயிடமிருந்து மகளுக்கே செல்லும். இவ்வீடும் அம்மரபின்படியே பெண்வழியில் வந்தது. மன்னரின் வமிசாவளிகளிலே பெண்களின் பெயரைத் தேடிக் காண்பது அரிது. இந்த வீட்டின் வமிசாவளியோ பெண்களின் பெயராலேயே தொடங்குகின்றது. பெண்களின் பெயராலேயே தொடர்கின்றது.

இனி, வீட்டின் அமைப்பைக் காண்போம். நிலத்திலிருந்து உயர்ந்த தேக்கந்தூண்களின் மேல் வீடு நிற்கின்றது. வெள்ளம் வந்தால் நீர் கீழே ஓடிவிடும். வெள்ளமற்ற காலத்திலே கால்நடைகளைக் கட்டுவதற்கும் நெசவு முதலிய வேலைகளுக்கும் அக்கீழிடம் பயன்படும். படியேறினால் திறந்த விறாந்தை. அதற்கப்பால் குடும்பத்தார் துயிலும் உள்ளறை. குசினி வேறாக உள்ளது. நடுத்தாய்லாந்து வீட்டின் சுவர்கள் மேலே செல்லச் செல்ல உட்புறம் சாய்வன. லன்னா வீட்டின் சுவர்களோ வெளிப்புறம் சாய்வன. கூரை முகட்டிலே இரு பலகைகள் ஒன்றையொன்று குறுக்கிட்டுக் கொம்புகள்போல் நிமிர்ந்து நிற்கும். 'கலே' என அதனை அழைப்பர்.

உள்ளறை வாசலின் மேல் செதுக்கு வேலைப்பாடுடைய பலகையொன்று உண்டு. அதன் பெயர் 'ஹம் யொன்'. 'யொன்' என்பது யந்திரம் என்னும் வடசொல்லின் திரிபு. 'ஹம்' என்பது ஆண்மை வித்தைக் குறிக்கும் சொல். குடும்பத்தின் வலிமை அப்பலகையில் உறைவதாக மக்கள் நம்பினர். வீட்டுத் தலைவனின் பாத அளவைக்கொண்டே வாசலின் அகலத்தைக் கணித்தனர். வீடு பிறர் கைக்கு மாறுமாயின், பழைய குடியின் சக்தி நீங்கும்பொருட்டுப் புதியவர் அப்பலகையை அடிப்பராம். வீடு என்பது வெறும் மரமன்று, அதிலே வாழ்பவரின் உயிரோடு பிணைந்தது என்ற எண்ணத்தை இவ்வழக்கம் நன்கு காட்டுகின்றது.

நிற்க. 1848இலே தேக்கு வடநாட்டின் காடெங்கும் செழித்திருந்தது. ஆனால், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே பிரித்தானியக் கம்பனிகள் அக்காடுகளினுள் நுழைந்தன. யானைகள் மரங்களை இழுத்தன. ஆறுகள் அவற்றைச் சுமந்தன. மேற்பார்வைக்கென 1896இல் வனத் திணைக்களம் நிறுவப்பட்ட பின்னரும் வெட்டு நிற்கவில்லை. 1988 நவம்பரிலே தென்தாய்லாந்தில் பெருவெள்ளம் வந்தது. மரமிழந்த மலைச்சரிவுகளிலிருந்து மண்ணும் மரக்குற்றிகளும் உருண்டு ஊர்களை அழித்தன. அடுத்த ஆண்டு சனவரியிலே இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதை அரசு தடைசெய்தது. காடு அருகிய பின் பழைய வீடுகளின் பலகைகளே விலையுயர்ந்த பண்டமாயின. எத்தனையோ பழைய வீடுகள் பிரித்து விற்கப்பட்டு மறைந்தன.

அத்தடைக்கு வெகுமுன்னரே இவ்வீட்டிற்கு ஒரு வழி பிறந்தது. 1963இல் கிம்ஹோ நிம்மான்ஹேமின் அம்மையார் தம் தாயார் கம்தியங் அனுசான்சுந்தோனின் நினைவாக, 1904இல் நிறுவப்பட்ட சியாம் சங்கத்திற்கு இதனை நன்கொடையாக அளித்தார். கல்வீடாயின் இடித்தாலன்றிப் பெயர்க்க முடியாது. இதுவோ துளையும் நாக்கும் பொருந்த, முளையடித்து இணைத்த வீடு. ஆகவே, துண்டு துண்டாகப் பிரித்துத் தலைநகருக்குக் கொணர்ந்து மீண்டும் பூட்டினர். 1966இல் இது நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. ஹம் யொன் பற்றி ஆராய்ந்து எழுதிய கிறைசிறீ நிம்மான்ஹேமின் கிம்ஹோ அம்மையாரின் மைந்தர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

ஆற்றங்கரையை விட்டு அகன்ற வீடு தன் உயிரை இழந்துவிட்டதன்றோ எனச் சிலர் வினவலாம். அவ்வினாவை எளிதில் தள்ளிவிட முடியாது. உள்ளறையிலே இன்று எவரும் துயில்வதில்லை; குசினி அடுப்பிலே சோறு பொங்குவதில்லை; ஆவிக்குப் படையலிட மகளும் அங்கு இல்லை. காட்சிப் பொருளாதல் ஓர் இழப்பே. ஆயினும், கம்தியங் அம்மையாரின் மகள் அதனைத் தம் உடைமையென்று இறுகப் பிடித்திருந்தால், அதன் தேக்கும் ஒருநாள் விலைப்பலகையாகி இருக்கலாம். தாயின் வீட்டைக் காப்பதற்காகவே மகள் அதனை ஊராருக்குக் கொடுத்தார். ஆதலால், மே சேட் அம்மையாரின் கைவண்ணத்தை எந்நாட்டவரும் கண்டறிய முடிகின்றது.

முன்னோர் தேட்டத்தைக் காத்தல் என்பது அதனைப் பூட்டிவைத்தல் அன்று. உரிய கையிலே ஒப்படைத்தலும் காத்தலே ஆகும். பழம்பெருமை பேசுவதோடு அமைந்துவிடும் இளைஞராகிய நாம், பிங் ஆற்றங்கரையிலிருந்து வந்த இந்த மரவீட்டிடம் இப்பாடத்தைக் கற்போமாக.