புள்ளிக்குப் புள்ளி

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற வேண்டும். கேம் சக்கரத்தில் கிராங்க் சக்கரத்தைவிட இருமடங்கு பற்கள் இருப்பதால் அந்த விகிதம் ஒருபோதும் மாறாது. ஆனால் எந்த இடத்திலிருந்து இரண்டும் சேர்ந்து சுற்றத் தொடங்குவது என்பதைப் பற்களால் சொல்ல முடியாது. அதை ஒரு மனிதனின் கை வைக்க வேண்டும். முன்பின் தெரியாத அந்தக் கைக்காக, எஞ்சின் செய்தவர்கள் சக்கரத்தின் விளிம்பில் ஒரு புள்ளி குத்தி வைத்தார்கள். நான் எழுத வந்தது அந்தப் புள்ளியின் கதையை.

1980களின் தொடக்கத்தில் ஈரோட்டில் ஒரு பட்டறையில் தொழில் பழகினேன். அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும்தான் அன்றாட வேலை. எப்போதாவது மெட்ராஸில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று வரும். அம்பாசடரில் கேம் ஷாஃப்ட் சிலிண்டர் பிளாக்கிற்குள்ளேயே, கிராங்குக்குப் பக்கத்திலேயே இருக்கும். இரண்டையும் சேர்ப்பது குட்டையான ஒரு செயின். இரு சக்கரத்திலும் ஆளுக்கொரு குழிப்புள்ளி. "ரெண்டு புள்ளியும் மூஞ்சியப் பாத்துக்கணும், அவ்ளோதான்டா" என்பார் முதலாளி அண்ணன். சக்கரங்களின் நடுமையங்களைச் சேர்த்து ஒரு ஸ்கேலை வைத்தால் இரு புள்ளிகளும் அந்தக் கோட்டில் உட்கார வேண்டும். செயின் எண்ணெயில் நனைந்து கவருக்குள் ஓடும். எஞ்சினை முழுதாக இறக்கும்போதுதான் அதைப் பார்ப்போம். தொழிற்சாலை வைத்த அந்தப் பொருத்தம், அதாவது டைமிங், பல வண்டிகளில் முதல் எஞ்சின் வேலை வரைக்கும் யார் கையும் படாமல் அப்படியே இருக்கும்.

இதை மாற்றிய பல் பெல்ட், கார் உலகத்தில் பிறந்ததே அல்ல. 1940களில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், கில்மர் கம்பெனியில் இருந்த ரிச்சர்டு கேஸ் என்பவர் சிங்கர் தையல் மெஷினுக்காக அதை உருவாக்கினார். மேலே ஊசி இறங்கும் நேரமும் கீழே நூலைப் பிடிக்கும் கொக்கி வரும் நேரமும் ஒன்றுபட்டே இருக்க வேண்டும். வழுக்கும் பெல்ட் அதற்கு உதவாது. பல் உள்ள பெல்ட் தேவைப்பட்டது. ஊசியும் கொக்கியும் கேட்ட அதே ஒழுங்கைத்தான் பிஸ்டனும் வால்வும் கேட்கின்றன. பில் டெவின் என்ற அமெரிக்கர் 1950களில் பனார் எஞ்சின் வைத்த பந்தயக் காரில் இந்த கில்மர் பெல்ட்டை மாட்டினார். 1956இல் அந்த வண்டி அங்கே தேசியப் பட்டம் வென்றது.

விற்பனைக்கு வந்த கார்களில் முதல் இடம் ஜெர்மனியின் பவேரியாவில், டிங்கோல்ஃபிங் ஊரில் இருந்த கிளாஸ் கம்பெனிக்கு. விதைப்பு இயந்திரம் செய்து வளர்ந்த குடும்பம் அது. பிறகு ஸ்கூட்டர், அதன்பின் கோகோமொபில் என்ற குட்டிக் கார். 1962இல் அவர்கள் கொண்டுவந்த கிளாஸ் 1004 காரில் கேம் ஷாஃப்ட் எஞ்சினின் தலைக்கு ஏறியது. அதைச் சுழற்றியது பல் பெல்ட். பெரிய கம்பெனிகள் தயங்கிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு சின்ன கம்பெனி காட்டிய இந்தத் துணிவை நான் மிகவும் மதிக்கிறேன். 1966இல் பிஎம்டபிள்யூ அவர்களை வாங்கிவிட்டது. அதே 1966இல் இத்தாலியில் ஃபியட், 124 ஸ்போர்ட் காரின் இரட்டைக் கேம் எஞ்சினுக்கு பெல்ட் போட்டது. வடிவமைத்தவர், முன்பு ஃபெராரிக்கு எஞ்சின் செய்த அவுரேலியோ லம்ப்ரெடி. இங்கே பம்பாயில் அதே ஃபியட்டின் பழைய 1100 மாடல், செயினோடு, இன்னும் பல வருடம் தயாராகிக்கொண்டிருந்தது.

நம் ஊர்ப் பட்டறைகளுக்குப் பெல்ட்டைப் பரவலாகக் கொண்டுவந்தது மாருதி 800. 1983 டிசம்பர் 14 அன்று முதல் சாவி கைமாறியது. மூன்று சிலிண்டர், 796 சிசி, தலைமேல் கேம், முன்னே ஒரு கறுப்பு ரப்பர் பெல்ட். செயினைப் போல எண்ணெய் வேண்டாம், சத்தம் குறைவு, எடை குறைவு, விலையும் குறைவு. ஆனால் ரப்பருக்கு ஆயுள் உண்டு. ஓடினாலும் நின்றாலும் அது முதுமையடையும். குறித்த காலத்தில் மாற்றியே ஆக வேண்டும். அதாவது, தொழிற்சாலை ஒருமுறை வைத்த டைமிங்கை இனி தெருவோரத்திலும் வீட்டு வாசலிலும் யாராவது திரும்பத் திரும்ப வைக்க வேண்டும். பெல்ட் கொண்டுவந்த பெரிய மாற்றம் இதுதான் என்பேன்.

புள்ளியும் இடம் மாறியது. கேம் மேலே போய்விட்டதால் இரு சக்கரங்களும் ஒன்றையொன்று பார்க்க முடியவில்லை. எனவே ஒவ்வொன்றும் எஞ்சினின் உடம்பைப் பார்க்கத் தொடங்கியது: கிராங்க் புல்லியின் குறி ஆயில் பம்பில் வார்த்த அம்புக்குறிக்கு நேராக, கேம் புல்லியின் குறி பெல்ட்டுக்குப் பின்னால் இருக்கும் கவரின் குறிக்கு நேராக. ஒரு கோட்டில் இரு புள்ளி என்பது போய், இரண்டு இடத்தில் இரண்டு ஜோடி. செயின் காலத்து மெக்கானிக்குகள் தடுமாறியது இங்கேதான்.

என் 800க்கு நானே வாசலில் பெல்ட் போடுவேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டால் கிராங்க் கைக்கு இலகுவாகச் சுற்றும். குறியை நேர் எதிரிலிருந்து பார்க்க வேண்டும். மேலிருந்து சாய்வாகப் பார்த்தால் சரியாக நிற்கும் குறிகூட அரைப் பல் தள்ளித் தெரியும். நேரே பார்க்க இடமில்லாதபோது சின்னக் கண்ணாடி ஒன்று பிடித்துக்கொள்கிறேன். பெல்ட் மாட்டும்போது, அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் இல்லாத பக்கம் விறைப்பாக இருக்க வேண்டும். தொய்வு முழுவதும் டென்ஷனர் பக்கம் சேர வேண்டும். தொய்வு எதிர்ப்பக்கம் தங்கினால், டென்ஷனர் ஸ்பிரிங் இழுத்தவுடன் கேம் நகர்ந்து குறி விலகிவிடும். பிறகு கிராங்கை அது ஓடும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, இரு ஜோடிக் குறிகளையும் மறுபடி பார்த்த பின்தான் டென்ஷனரை இறுக்க வேண்டும். சுற்றும்போது எங்காவது முட்டினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். கையால் மெதுவாகச் சுற்றும்போது முட்டுகிற வால்வுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஸ்டார்ட்டர் போட்டு முட்டினால் வளைந்துவிடலாம்.

அந்தக் கால சுசுகிக் கையேடுகளில் பலர் தாண்டிப்போகும் ஒரு படி உண்டு. பெல்ட் மாட்டுவதற்கு முன், வால்வை அழுத்தும் ராக்கர்களின் ஸ்குரூக்களைத் தளர்த்தி, கேம் தடையில்லாமல் சுற்றும்படி விட வேண்டும். வால்வு ஸ்பிரிங்குகள் கேமை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டிருந்தால் டென்ஷனர் ஸ்பிரிங் பெல்ட்டைச் சரியாக இழுக்காது. இதைச் செய்தால் கடைசியில் வால்வு இடைவெளியை மீண்டும் வைக்க வேண்டியிருக்கும், அதனால் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் விடக்கூடாது.

ஒரு பல் என்ன செய்துவிடும் என்று கேட்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கிராங்கில் 20 பல் இருந்தால் ஒரு பல் என்பது கிராங்கில் 18 டிகிரி. வண்டி ஓடும், ஆனால் ஐட்லிங்கில் துடிக்கும், மேடு ஏறாது, பெட்ரோல் குடிக்கும். பழைய பெல்ட்டில் வெள்ளை மை வைத்து, பல்லை எண்ணிப் புது பெல்ட்டுக்கு மாற்றும் குறுக்குவழியை இதனால்தான் நான் ஏற்பதில்லை. முன்பு போட்டவர் ஒரு பல் தள்ளிப் போட்டிருந்தால் அந்தப் பிழையை நாமும் அப்படியே பிரதி எடுப்போம்.

சில பெல்ட்டுகளில் கம்பெனியே கோடு அச்சிட்டுத் தரும். இரண்டு சுற்று சுற்றியதும் அந்தக் கோடுகள் புல்லியின் குறியோடு சேரவில்லை என்று பலர் பதறிப்போய் அவிழ்த்துவிடுகிறார்கள். பதற வேண்டியதில்லை. 97 பல் பெல்ட்டும் 20 பல் கிராங்கும் என்று வைத்துக்கொண்டால், கோடும் இரண்டு புல்லிகளின் குறிகளும் மறுபடி ஒன்றுசேர கிராங்க் 194 சுற்று சுற்ற வேண்டும். பெல்ட்டின் கோடு மாட்டும் நேரத்துக்கு மட்டும். அதன்பின் பார்க்க வேண்டியது புல்லியின் குறியையும் எஞ்சின் உடம்பின் குறியையும்தான்.

1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த முதல் சான்ட்ரோவிலும் பெல்ட்தான். பிறகு காற்று திரும்பியது. 2008இல் ஏ-ஸ்டாரோடு வந்த மாருதியின் கே வரிசை எஞ்சின் செயினுக்குப் போனது. பெல்ட்டை விடாத எஞ்சினும் உண்டு: சென்னையை அடுத்த மறைமலை நகரில் தயாரான எக்கோஸ்போர்ட்டின் 1 லிட்டர் எஞ்சினில் பெல்ட் எண்ணெய்க்குள் ஓடியது. அதன் கிராங்க் புல்லியைத் தண்டோடு பூட்டக் கீ கிடையாது. போல்ட்டின் இறுக்கம் மட்டுமே அதைப் பிடிக்கிறது. புள்ளியை நம்பி அதைப் போட முடியாது. தண்டுகளை அசையாமல் பூட்டும் தனிக்கருவிகள் வேண்டும். வாசலில் வேலை செய்பவனுக்கு அங்கே இடம் இல்லை. இது எனக்கு வருத்தம்தான்.

800 தயாரிப்பு 2014இல் நின்றுவிட்டது. ஆனால் வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. பெல்ட்டும் கடையில் கிடைக்கிறது. ஒன்று மட்டும் சொல்லவேண்டும்: பழைய வண்டிகளில் கேம் புல்லிக்குப் பின்னால் இருக்கும் கவர் உடைந்தோ காணாமலோ போயிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். கேம் பார்க்க வேண்டிய குறி அந்தக் கவரில்தான் இருக்கிறது. பெல்ட் வாங்கும் முன் முன்கவரைக் கழற்றி அது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் அதைத் தேடி வாங்குங்கள். பெல்ட்டை அப்புறம் வாங்கலாம்.