கழிவுநீர்: போற தண்ணியா, வர்ற தண்ணியா?

காலெல்லாம் அரிப்பும் சேற்றுப்புண்ணுமாக ஒரு பாட்டி ஓ.பி.க்கு வந்திருந்தார். திருமணிமுத்தாறு பாயும் பக்கத்து ஊர். கரும்புக்குத் தண்ணி கட்டும் வேலை.

"கழிவுத் தண்ணியில கால் வைக்காதீங்க பாட்டி" என்றேன்.

"அவிங்களுக்குத்தானுங்க சார் அது கழிவு. எங்களுக்கு அதுதானுங்களே தண்ணி" என்றார்.

அந்தப் பதில் மனதிலேயே நின்றுவிட்டது. கழிவு என்றால் உண்மையில் என்ன? அந்தச் சொல்லின் கதையைப் பார்ப்போம் வாங்க.

கழிதல் என்றால் நீங்குதல். பொழுது கழிகிறது. கணக்கில் கழிக்கிறோம். திருஷ்டி கழிக்கிறோம். நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்கள் பயப்படும் நோய்க்குப் பெயர் வெள்ளைக்கழிச்சல். கழிவு என்றால் நம்மை விட்டு நீங்கியது, அவ்வளவுதான். அழுக்கு என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது.

ஆங்கிலத்தில் எஃப்ளூயன்ட். லத்தீனில் "எக்ஸ்" என்றால் வெளியே, "ஃப்ளூவெரெ" என்றால் பாய்தல். ஏரியிலிருந்து புறப்படும் நல்ல ஆற்றுக்கும் இதே பெயர் உண்டு.

இதன் உறவுக்காரர் யார் தெரியுமா? நம்ம ஃப்ளூ காய்ச்சல்! நட்சத்திரங்களின் சக்தி மனிதருக்குள் பாய்ந்து நோய் வருகிறது என்று இத்தாலியில் நம்பினார்கள். அதனால் இன்ஃப்ளூயன்சா. உள்ளே பாய்ந்தது காய்ச்சல், வெளியே பாய்ந்தது கழிவு.

சரி, வெளியே பாய்ந்தது எங்கே போகும்?

1854, லண்டனில் காலரா. ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் வீடு வீடாகக் கணக்கெடுத்தார். ஒரு குடிநீர் கம்பெனி, தேம்ஸ் ஆற்றில் நகரத்துக்கு மேலே தண்ணீர் எடுத்தது. இன்னொன்று சாக்கடை கலந்த இடத்தில் எடுத்தது. இரண்டாவது கம்பெனியின் வீடுகளில் சாவு பல மடங்கு அதிகம்.

1858 கோடையில் தேம்ஸ் நாறியது. ஆற்றங்கரையில் இருந்த பாராளுமன்றத்தாலேயே தாங்க முடியவில்லை. உடனே சட்டம் வந்தது, பெரிய சாக்கடைகள் கட்டினார்கள். அந்தக் கழிவு எங்கே போனது? அதே ஆற்றில், நகரத்துக்குக் கீழே!

1912இல் பிரிட்டிஷ் ராயல் கமிஷன் ஓர் அளவு வைத்தது. கழிவை உண்ணும் கிருமிகள் இழுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் (பி.ஓ.டி.) லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. அதற்கும் ஒரு நிபந்தனை: கலக்கும் ஆற்றில் குறைந்தது 8 மடங்கு நல்ல தண்ணீர் ஓட வேண்டும்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம்.

சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு, சேலம் மாநகரைக் கடந்து, நாமக்கல் மாவட்டம் வழியாக நஞ்சை இடையாற்றில் காவிரியில் சேர்கிறது. வழியில் வீட்டுச் சாக்கடை, சாயக்கழிவு, சேகோ ஆலைக் கழிவு எல்லாம் சேரும். கோடையில் ஆற்றில் ஓடுவதே பெரும்பாலும் கழிவுதான். அந்த 8 மடங்கு நல்ல தண்ணீருக்கு எங்கே போவது?

மரவள்ளிக்கிழங்கை அரைத்துப் பிழிந்தபின் மிஞ்சும் சக்கைக்குத் திப்பி என்று பெயர். அதற்கு விலை உண்டு, தீவனமாகப் போகிறது. கூடவே வரும் தண்ணீருக்கு விலையில்லை. அதனால் அது வெறும் "கழிவு". அதே தண்ணீரிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆலைகளும் இங்கே இருக்கின்றன. அங்கே அது கழிவல்ல, எரிபொருள்!

ஆக, கழிவு என்பது அந்தப் பொருளின் குணம் மட்டும் அல்ல. நாம் எங்கே நிற்கிறோம் என்பதையும் சொல்லும் சொல். மேலே நிற்பவருக்குக் கழிந்தது, கீழே நிற்பவருக்கு வந்து சேர்ந்தது. 1974 தண்ணீர்ச் சட்டம் காப்பாற்ற வேண்டியது கீழே நிற்பவரைத்தான்.

மருத்துவராக மூன்று விஷயங்கள்:

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். சாயமும் உப்பும் போகாது. நிறமோ ருசியோ மாறிய கிணற்றுத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், பரிசோதனைக்குக் கொடுங்கள்.

இந்தத் தண்ணீரில் வேலை செய்பவர்கள் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போடுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்குகளைத் துடையுங்கள்.

புண் இருந்தால் அந்தத் தண்ணீரில் இறங்காதீர்கள். சர்க்கரை நோயாளிகள் இன்னும் கவனம்.

பாட்டிக்குக் களிம்பு கொடுத்தேன். பூட்ஸ் வாங்கச் சொன்னேன். அடுத்த வாரம் புண்ணோடுதான் வந்தார்.

அவர் காலுக்கு மருந்து என்னிடம் இருக்கிறது. ஆற்றுக்கு மருந்து, மேலே இருக்கும் நம்மிடம் இருக்கிறது.