தொடர் நின்ற பிறகு: ‘ஞானரதம்’ முதல் ஜீனோ வரை

1908 செப்டம்பரில் பாரதி புதுச்சேரிக்கு வந்தார். சென்னையில் அவர் நடத்திவந்த ‘இந்தியா’ வார இதழின் ஆசிரியராகப் பதிவாகியிருந்த சீனிவாசன் அதற்குள் கைதாகியிருந்தார். அக்டோபரில் இதழ் பிரெஞ்சு ஆட்சிப் பகுதியிலிருந்து மீண்டும் வெளிவந்தது. ஆங்கிலேயரின் சட்டத்தால் பாரதியைத் தொட முடியவில்லை. ஆனால் இதழைத் தொட முடிந்தது. வாசகர்களில் பெரும்பாலோர் எல்லைக்கு அப்பால் இருந்தார்கள். பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் இதழ் நுழையத் தடை வந்தது. 1910 மார்ச்சில் ‘இந்தியா’ நின்றுபோனது.

இந்தக் குறுகிய காலத்துக்குள்தான் ‘ஞானரதம்’ அவ்விதழில் தொடராக வந்தது, 1910இல் நூலாயிற்று. தமிழ் உரைநடையில் கற்பனை உலகப் பயணத்தைச் சொன்ன முன்னோடிப் படைப்பு அது. அதை அறிவியல் புனைகதை என்று கூறுவது மிகை. அதில் எந்திரம் இல்லை, கணக்கு இல்லை. ஆனால் அதன் கட்டமைப்பைக் கவனிக்க வேண்டும். ஓர் ஊர்தி, அதில் ஏறும் ஒரு மனிதன், உபசாந்தி லோகம், கந்தர்வ லோகம், சத்திய லோகம், மண்ணுலகம், தர்ம லோகம் என ஒன்றன்பின் ஒன்றாக உலகங்கள். வாரந்தோறும் வாசகனைப் பிடித்துவைக்க வேண்டிய எழுத்தாளனுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு அமையாது. ஓர் உலகம் அலுக்கும்போது ரதம் கிளம்பிவிடும். பயணம் திருவல்லிக்கேணி வீட்டில் தொடங்குவதும் தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை. புதுச்சேரியில் அதை எழுதிக்கொண்டிருந்தவரால் அப்போது போக முடியாத உலகங்களில் திருவல்லிக்கேணியும் ஒன்று.

இதழ் நின்ற பிறகும் கதை நிலைத்தது, காரணம் நூல். முழுமை பெறாத கதைக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. பாரதியின் ‘சின்னச் சங்கரன் கதை’ முற்றுப்பெறாத பகுதியாகவே நமக்குக் கிடைக்கிறது. 

அடுத்த 75 ஆண்டுகளில் வாரப் பத்திரிகை தமிழ் நாவலின் முதல் வீடாகிவிட்டது. தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்தெடுத்து, வரிசைப்படி அடுக்கி, ஓவியங்களோடு பைண்டு செய்து வைப்பது வீடுகளில் வழக்கமானது. பதிப்பாளர் நூலைக் கொண்டுவருமுன் வாசகரே ஒரு நூலைத் தயாரித்துக்கொண்டார். இந்த வீட்டு பைண்டிங்குகளைத் தமிழ்ப் பதிப்பு வரலாற்றின் ஆவணங்களாகக் கருத வேண்டும். அச்சிட்ட நூலில் இல்லாத ‘தொடரும்’ அவற்றில்தான் இருக்கிறது. எந்த இடத்தில் வாசகர் ஒரு வாரம் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தார் என்பதும் அவற்றில்தான் தெரியும்.

1980களில் ஆனந்த விகடனில் சுஜாதா எழுதிய ‘என் இனிய இயந்திரா’ இந்த வழியில் வந்தது. கதை நடக்கும் காலம் 2021. ஜீவா என்பவரின் ஆட்சியில் நாடு முழுவதும் கண்காணிப்பில் இருக்கிறது. பெயர்கள்கூட இரண்டெழுத்துக்கு மேல் போகக்கூடாது. கணவன் சிபியைத் தேடும் நிலாவுக்குத் துணையாக வருவது ஜீனோ என்ற எந்திர நாய். வாசகர்கள் ஜீனோவை விடவில்லை. ‘மீண்டும் ஜீனோ’ வந்தது. பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனப் பொறியாளராக இருந்த சுஜாதாவுக்கு எந்திரத்தின் உட்புறம் தெரிந்திருந்தது. ஆனால் ஜீனோ மனத்தில் நிற்பது பொறியியலால் அல்ல, பேச்சால். பிறகு இக்கதை தூர்தர்ஷனில் நாடகத் தொடராகவும் வந்தது.

பிரிட்டனில் பாதை நேர் எதிர். 1963 நவம்பர் 23 அன்று பி.பி.சி. ‘டாக்டர் ஹூ’ தொடரை ஒளிபரப்பத் தொடங்கியது. அதிலும் ஓர் ஊர்தி, உலகம் உலகமாக ஒரு பயணம். அடுத்த ஆண்டே, தொடரின் முதல் கதைத் தொகுப்பாளர் டேவிட் விட்டேக்கர் ஒரு கதையை நாவலாக்கினார். திரையில் வந்ததை அப்படியே அவர் பெயர்த்தெழுதவில்லை. கதைமாந்தரில் ஒருவரான இயன் தன்மையில் சொல்வதாக அமைத்து, தொடக்கத்தையே மாற்றினார். 1973இல் டார்கெட் பதிப்பகம் இந்நாவலை மலிவுப் பதிப்பாக மறுபடி வெளியிட்டது. அப்பதிப்பகத்தின் ‘டாக்டர் ஹூ’ நாவல் வரிசை 150 நூல்களைத் தாண்டியது. டெரன்ஸ் டிக்ஸ் ஒருவரே 60க்கு மேல் எழுதினார். இதற்கிடையே பி.பி.சி. பழைய ஒளிநாடாக்களை அழித்துவந்தது. 1960களில் ஒளிபரப்பானவற்றில் 90 பகுதிகளுக்கு மேல் இன்றும் கிடைக்கவில்லை. வீடியோ கேசட் வீட்டுக்குள் வராத காலத்தில், அந்தக் கதைகளை ஒரு சிறுவன் மறுபடி சந்திக்க அந்த மலிவு நூல்களே வழி.

தமிழில் இப்படியொரு நூல்வகை ஏன் உருவாகவில்லை? வாசிப்பில் குறைவில்லை, மாத நாவல்கள் பேருந்து நிலையக் கடைகளில் தொங்கிய காலம் அது. அறிவியல் கற்பனையில் ஆர்வமில்லை என்பதையும் ஜீனோ மறுக்கிறது. திரைக்கு முன்பே நூல் இருந்தது என்பதே காரணமென்று நான் கருதுகிறேன். ஒளிபரப்பு முடிந்ததும் கதையைத் தேடிய பிரிட்டிஷ் வாசகருக்கு ஒருவர் புதிதாக எழுதித்தர வேண்டியிருந்தது. தமிழ் வாசகருக்கு அலமாரியில் கைநீட்டினால் போதும்.

இதனால் ஆய்வாளரின் வேலை இங்கே வேறாகிறது. டார்கெட் நூலை ஆராய்பவர் திரைக்கும் எழுத்துக்கும் உள்ள இடைவெளியை அளப்பார். நாம் பத்திரிகைக்கும் நூலுக்கும் இடையிலுள்ளதை அளக்க வேண்டும். ‘இந்தியா’ இதழ்களை இளசை மணியனும், பாரதி எழுத்துகளைக் காலவரிசையில் சீனி. விசுவநாதனும் தேடித் தொகுத்த பேருழைப்பால், ‘ஞானரதம்’ குறித்து அது இன்று முடியக்கூடிய காரியம். ஜீனோவுக்கு அந்த உழைப்பு இனிமேல்தான் வேண்டும். புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை போன்ற பழைய புத்தகக் கடைகளில் அந்த வீட்டு பைண்டிங்குகள் எடைக்குப் போவதற்கு முன் நூலகங்கள் அவற்றை வாங்கி, எந்த வாரத்து இதழ், யாருடைய ஓவியம், எங்கே ‘தொடரும்’ என்பதோடு பட்டியலிடத் தொடங்க வேண்டும்.