கன்றுக் கழிச்சலும் உப்புத் தண்ணீரும்

உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி 1761-இல் பிரான்ஸின் லியோன் நகரில் நிறுவப்பட்டது. நிறுவியவர் குளோத் பூர்ஜெலா. பிரெஞ்சில் படித்த எனக்கு அந்தப் பெயர் தெரியும். ஆனால் முத்தியால்பேட்டையில் எங்கள் கன்று கழிந்தால் அம்மா தேடியது மாதுளை ஓட்டையும் கசகசாவையும்தான். கூடவே, "வயிறு காயட்டும்" என்று பாலையும் தண்ணீரையும் நிறுத்திவிடுவார்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு காளைக்கன்று அப்படித்தான் கண் குழிந்து, மூன்றாம் நாள் செத்தது. அதைக் கொன்றது மாதுளை ஓடு அல்ல, உடம்பில் நீர் வற்றியதுதான் என்று வெகுநாள் கழித்தே புரிந்தது.

1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ், காலரா கண்டவர்களுக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். குடலில் சர்க்கரை உப்பை இழுக்கிறது, உப்பு நீரை இழுக்கிறது. கன்றின் குடலும் அப்படியே.

தஞ்சாவூர்ப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள், பெருங்காயம் சேர்ந்த கழிச்சல் மருந்தைப் பரப்பினார். தேசிய பால்வள வாரியமும் அதைச் சொல்கிறது. வைரஸ் கழிச்சலுக்கு ஆன்டிபயாடிக் உதவாது என்பதும் உண்மை. ஆனால் ரத்தமாகப் போனாலோ, கன்று எழ முடியாவிட்டாலோ குரும்பாபேட் கால்நடைக் கல்லூரிக்குப் போகத்தான் வேண்டும்.

மூலிகையா, ஊசியா என்று வாதாடுமுன் தண்ணீர் கொடுங்கள். பிறந்த உடனே சீம்பால் கொடுங்கள். பாலை நிறுத்தாதீர்கள். அம்மாவுக்கு அன்று இதைச் சொல்ல யாரும் இல்லை.