18 வயதுக்குப் பிறகு: மாற்றுத்திறனாளி தலித் இளைஞரும் வேலை உரிமையும்

பெரிய காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களில் வீடே தொழிற்கூடம். குழித்தறியில் அமர்பவர் கால்களைக் குழிக்குள் இறக்கி மிதிகட்டைகளை இயக்குகிறார். கைகள் நாடாவை ஓட்டுகின்றன. செவித்திறன் இல்லாதவர் இத்தொழிலை முழுமையாகவே செய்ய முடியும். கால் வலுவிழந்தவர் ஊடை சுற்றலாம், அறுந்த பாவு நூலைப் பிணைக்கலாம். ஜக்கார்டுப் பெட்டியைத் தூக்க மோட்டார் பொருத்திய தறிகளும் வந்துவிட்டன. இவை அனைத்தையும்விடக் கோர்வைச் சேலை நமக்கு முக்கியமானது. உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் பிணையும் அச்சேலைக்குப் பக்கவாட்டில் இன்னொருவர் இருந்து கரை நாடாவை எறிய வேண்டும். (நெடுங்காலம் அந்த இடத்தில் குழந்தைகளை உட்கார வைத்தார்கள் என்பது காஞ்சிப் பட்டின் மறைக்க முடியாத வரலாறு.) இரண்டாவது ஆள் தேவைப்படுகிறது என்பதற்காக அந்த நெசவாளரை யாரும் திறன் குறைந்தவர் என்று அழைத்ததில்லை. உதவியோடு செய்யும் வேலையும் வேலைதான் என்பதை இந்த ஊர் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது.

ஆனால் அதே உடற்குறையுடன் நகரைச் சுற்றியுள்ள சேரியில் பிறக்கும் இளைஞரின் நிலை வேறு. கூலி நெசவுக்குள் வந்த தலித் குடும்பங்கள் உண்டு. எனினும் வயற்கூலி, செங்கல் சூளை, கட்டுமானம், துப்புரவு என உடல் வலுவை மட்டுமே விற்றுப் பிழைக்கும் குடும்பங்களே மிகுதி. அங்கே உட்கார்ந்து செய்யும் துணைவேலை என்று எதுவும் வீட்டுக்குள் இல்லை. பெற்றோர் இருவரும் கூலிக்குப் போனால் அவரைக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்லவும் ஆளில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டு மக்களில் மாற்றுத்திறனாளிகள் 2.21 விழுக்காடு, பட்டியல் சாதியினரில் 2.45 விழுக்காடு. வறுமையும் ஆபத்தான வேலையும் மருத்துவம் எட்டாத வாழ்விடமும் இவ்வேறுபாட்டுக்குள் அடங்கியிருக்கின்றன என்றே நாம் கருதுகிறோம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 இவ்விடத்தில் என்ன தருகிறது? 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியைப் பிரிவு 31 உறுதி செய்கிறது. 18 முடிந்த மறுநாள் அந்த உறுதி முடிந்துவிடுகிறது. அதன்பின் இருப்பவை பிரிவு 19 சொல்லும் தொழிற்பயிற்சியும் சுயதொழில் உதவியும், பிரிவு 34 தரும் 4 விழுக்காடு அரசுப் பணி ஒதுக்கீடும். அந்த 4 விழுக்காட்டில் பார்வை, செவி, இயக்கம் ஆகிய குறைபாடுகளுக்கு ஒவ்வொரு விழுக்காடு. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்குச் சேர்த்து ஒரு விழுக்காடு. தகுதியானவர் கிடைக்கவில்லை என்று கூறி இடத்தை உடனே பிறருக்குத் தர முடியாது. அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டும். அப்போதும் ஆளில்லையெனில் மற்றக் குறைபாட்டுப் பிரிவினருக்கு மாற்ற வேண்டும். அதற்குப் பிறகே பிறர். தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மாணவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இந்தக் கணக்குதான்.

இரண்டு சான்றிதழ் இருந்தால் இரட்டைப் பயன் கிடைக்கும் என்ற தவறான எண்ணம் பரவலாக உள்ளது. இந்திரா சஹானி வழக்கில் 1992இல் உச்சநீதிமன்றம் விளக்கியபடி மாற்றுத்திறனாளி ஒதுக்கீடு கிடைமட்டமானது: அதில் தேர்வாகும் பட்டியல் சாதியினர் பட்டியல் சாதி இடத்திலேயே கணக்கிடப்படுவார். சுயதொழில் கடனிலும் இதே நிலை. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் பட்டியல் சாதியினரும் மாற்றுத்திறனாளிகளும் ஒரே சிறப்புப் பிரிவு. நகரத்தில் மானியம் 25 விழுக்காடு, ஊரகத்தில் 35. இரண்டுமாக இருப்பவருக்கும் அதே தொகைதான். இரட்டைச் சுமையைச் சட்டம் ஒற்றையாகவே எண்ணுகிறது. ஆர்யன் ராஜ் வழக்கில் 2020இல் பட்டியல் சாதியினருக்குரிய மதிப்பெண் தளர்வு மாற்றுத்திறனாளிகளுக்கும் உரியது என உச்சநீதிமன்றம் கூறியது நல்ல முன்னேற்றம். ஆனால் இரண்டுமாக இருப்பவருக்கு அதனால் புதிதாக எதுவும் சேரவில்லை.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகள் காஞ்சிபுரத்துக்கு அருகிலேயே உள்ளன. தனியாருக்கு ஒதுக்கீட்டுக் கட்டாயம் இல்லை. 5 விழுக்காடு மாற்றுத்திறனாளிகளைப் பணியமர்த்த ஊக்கத்தொகை என்று மட்டுமே பிரிவு 35 பேசுகிறது. எனினும் ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட்டாக வேண்டும். அதைக் கேட்டு வாங்கலாம். பணியிலிருக்கும்போது குறைபாடு ஏற்பட்டால் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்னும் பிரிவு 20(4) அரசு நிறுவனங்களுக்கானது. ஒப்பந்ததாரரின்கீழ் குப்பை அள்ளுபவர் கையை இழந்தால் அவரை அரசு ஊழியராக ஏற்க யாரும் முன்வருவதில்லை. அந்த வேலையில் யார் இருக்கிறார்கள் என்பதை இத்தளத்தின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வேலைக்குச் செல்லும் வழியிலும் பணியிடத்திலும் நேரும் இழிவுபடுத்தல் இன்னொரு தடை. பொதுப்பார்வையில் மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் பிரிவு 92இன்கீழ் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. சாதியும் சேர்ந்திருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பொருந்தும். பட்டான் ஜமால் வலி வழக்கில் (2021) பார்வையற்ற பட்டியல் சாதிப் பெண்ணின்மீது நிகழ்ந்த பாலியல் வன்கொடுமையைச் சாதி, பாலினம், குறைபாடு மூன்றும் பின்னியதாக உச்சநீதிமன்றம் பார்த்தது. ஆயுள் தண்டனையை உறுதி செய்த அதே தீர்ப்பு, சாதியின் காரணமாகவே குற்றம் நடந்தது என்பதற்குச் சான்றில்லை எனக் கூறி வன்கொடுமைச் சட்டத் தண்டனையை நீக்கியது. 26.01.2016 முதல் நடைமுறையிலுள்ள திருத்தத்தின்படி, அத்தகைய கடுங்குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் சாதி குற்றவாளிக்குத் தெரிந்திருந்தாலே போதும். ஆகவே புகார் மனுவின் முதல் பத்தியிலேயே குறைபாட்டையும் சாதியையும், அவை எதிரிக்கு எப்படித் தெரியும் என்பதையும் எழுதுங்கள். எழுதியது முதல் தகவல் அறிக்கையில் வந்திருக்கிறதா என்று படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.